நோட்டில் அச்சான தேதி

இலங்கையின் பத்து ரூபாய் நோட்டு ஒன்று. கசங்கி, ஓரம் மழுங்கி, நடுவில் மடிப்பு விழுந்தது. அதில் 1995-11-15 என்று தேதி அச்சாகியிருக்கிறது. இந்திய நோட்டுகளில் ஆண்டு மட்டும் இருக்கும், அதுவும் அண்மைக் காலமாகத்தான். இலங்கை நோட்டுகளில் ஆண்டு, மாதம், நாள் மூன்றும் உண்டு. நோட்டுச் சேகரிப்பவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம்.

அந்த நவம்பர் 15 அன்று யாழ்ப்பாணம் ஏறக்குறைய ஆளில்லாத நகரம். இரண்டு வாரங்களுக்கு முன்பு, அக்டோபர் 30 அன்று, ராணுவம் நெருங்கிவிட்டது, எல்லோரும் வெளியேறுங்கள் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கி வைத்து அறிவித்தார்கள். மழையில், இருட்டில், நாவற்குழிப் பாதை வழியாகப் பல லட்சம் பேர் தென்மராட்சிக்கு நடந்தார்கள். மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 5 அன்று, யாழ்ப்பாணத்தில் சிங்கக் கொடி ஏற்றப்பட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்த தேதி அது.

ஆனால் நோட்டில் அந்தத் தேதி வந்ததற்குக் காரணம் போர் அல்ல. அந்த நவம்பரில் மத்திய வங்கிக்கு ஏ.எஸ். ஜயவர்தன புதிய ஆளுநராக வந்தார். இலங்கை நோட்டில் நிதியமைச்சர், ஆளுநர் இருவரின் கையெழுத்தும் இருக்கும். கையெழுத்து மாறினால் தேதி மாறும். கொழும்பில் ஒரு நாற்காலியில் ஆள் மாறிய தேதியைத்தான் நோட்டு சொல்கிறது. அதே நாட்களில் வடக்கே ஒரு நகரமே காலியானது வெறும் தற்செயல்.

இந்தத் தற்செயலைத் துரத்துவதுதான் உள்நாட்டுப் போர்க்கால நோட்டுச் சேகரிப்பின் ருசி. 1994-08-19 என்று ஒரு தேதி உண்டு. சந்திரிகா குமாரதுங்க பிரதமராகப் பதவியேற்ற நாள். 2001-12-12, 2004-04-10 இரண்டும் புதிய அமைச்சரவைகள் வந்த நாட்கள். 2005-11-19 மகிந்த ராஜபக்ச ஜனாதிபதியான நாள். ஏறக்குறைய ஒரே படம், ஒரே நிறம், தேதி மட்டும் வேறு. வரிசையாக அடுக்கினால் 26 ஆண்டுப் போரின் ஆட்சி மாற்றங்கள் ஒரு ஆல்பத்தின் நாலைந்து பக்கத்துக்குள் அடங்கிவிடும். போர் மட்டும் அதில் எங்கும் இருக்காது.

இலங்கை நோட்டுக்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய உண்டு. பாலக்காட்டு வடவன்னூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த எம்.ஜி.ஆர். கண்டிக்கருகே நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பது பலருக்கும் தெரியும். பெயர் தெரியாதவர்களின் கதை இன்னும் பெரிது. ஒரே காலகட்டத்தில் தென் தமிழகத்து ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டி, சிலரைக் கடல் தாண்டிக் கண்டிச் சீமைக்கும், சிலரை மலையேற்றி மூணாறுக்கும் பீர்மேட்டுக்கும் கொண்டுபோனார்கள். இரண்டு இடத்திலும் வேலை ஒன்று, லயம் ஒன்று, பேச்சு ஒன்று. 1956ல் மொழிவழி மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன, அங்கிருந்த தமிழர்கள் ஒரு மாநில எல்லையைத் தாண்டாமலே வேறு மாநிலத்தவர் ஆனார்கள். இலங்கையில் இருந்தவர்களுக்கு நேர்ந்தது அதைவிடக் கடுமை.

1948ன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். (யாழ்ப்பாணம் காலியானதும் அதே அக்டோபர் 30. தேதி பார்த்துச் சேகரிப்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.) 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. மிச்சம் 1,50,000 பேரை 1974ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

அந்த ஒப்பந்தத்தில் பணம் பற்றியும் ஒரு ஷரத்து உண்டு. இந்தியா திரும்பும் ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்று இலங்கை ஒப்புக்கொண்டது. இரண்டு மூன்று தலைமுறை கொழுந்து பறித்ததற்குச் சேர்ந்த சேமநிதி, பணிக்கொடை எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் நீலகிரிக்கும் வேறு பல மாவட்டங்களுக்கும் போனார்கள். கேரளத்துக்கும் வந்தார்கள். புனலூரில் 1976ல் தொடங்கிய மறுவாழ்வு ரப்பர் தோட்டக் கம்பெனி அவர்களுக்கென்றே அமைந்தது. இடுக்கிக்காரர்களுக்கு இன்னும் பக்கம் கவி. அது பத்தனம்திட்டை மாவட்டம் என்றாலும் போகிற பாதை வண்டிப்பெரியாறு வழியாகத்தான். இன்றைக்குச் சுற்றுலாக்காரர்கள் யானை பார்க்கப் போகும் அந்தக் காட்டில், 1970களில் கேரள வன வளர்ச்சிக் கழகம் ஏலத் தோட்டம் போட்டு இலங்கையிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்தியது. இலங்கை இந்தப் பக்கத்து மலைக்காரர்களுக்கு வெளிநாடு அல்ல, உறவுக்காரர்கள் இருந்த ஊர்.

இப்படிப்பட்ட வீடுகளில் தகரப் பெட்டி ஒன்று இருக்கும். அதில் சில காகிதங்கள். நோட்டு கிடைத்தால் முதலில் பார்க்கவேண்டியது அது எந்தக் காலத்தது என்பதை. பண்டாரநாயக்க 1959ல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு 1960களில் அவர் முகம் போட்ட நோட்டுகள் வந்தன. 1970ல் நிதியமைச்சர் என்.எம். பெரேரா 50, 100 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கிப் புதிய நோட்டு கொடுத்தார். மறைத்து வைத்திருக்கும் கறுப்புப் பணத்தைப் பிடிக்க என்றார்கள். 2016ல் இந்தியாவில் கேட்ட அதே காரணம். இவையெல்லாம் போருக்கு முந்தியவை.

இன்னொரு வகை நோட்டும் இந்தப் பக்கத்துப் பெட்டிகளில் வரலாம். மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போன குடும்பங்களின் ஜப்பான் நோட்டு. பத்து டாலர் நோட்டில் வாழைமரம் இருந்ததால் மலாயாக்காரர்கள் வாழைமர நோட்டு என்றே சொன்னார்கள். எழுத்து வரிசை ஆங்கில எம்மில் தொடங்கினால் மலாயா, பி-யில் தொடங்கினால் பர்மா. 1942ல் வந்து 1945ல் வெறும் காகிதமானவை. இவற்றையும் போர் நோட்டு என்ற தலைப்பில் கட்டாகக் கட்டி விற்கிறார்கள். போர் நோட்டுதான், ஆனால் ஆக்கிரமிப்பு நோட்டு. உள்நாட்டுப் போர் நோட்டு என்பது வேறு ஜாதி. அங்கே நோட்டு அடித்தவனும் அதைச் செலவழித்தவனும் ஒரே நாட்டுக்காரர்கள். பணம் யாருடையது என்பதே சண்டையின் ஒரு பகுதி.

உலகமெங்கும் சேகரிப்பவர்கள் இதில் முதலில் பேசுவது அமெரிக்காவைத்தான். 1861ல் பிரிந்துபோன தென் மாநிலங்கள் நோட்டடித்தன. 1864 நோட்டில் இருக்கும் வாசகம் விசித்திரமானது: அமெரிக்காவுடன் சமாதான உடன்படிக்கை உறுதியாகி இரண்டு ஆண்டு கழித்துப் பணம் தருவதாக வாக்குறுதி. உடன்படிக்கை வரவேயில்லை, தெற்கு தோற்றது. 1868ல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14ஆம் திருத்தம் அந்தக் கடனெல்லாம் செல்லாது என்று முடித்துவிட்டது. போர் நடக்கும்போதே பிலடெல்பியாவில் சாமுவேல் அப்பம் என்ற வியாபாரி தென்னக நோட்டின் நகலை நினைவுப்பொருள் என்று அச்சடித்து விற்றார். வாங்கியவர்கள் அதைத் தெற்கே கொண்டுபோய்ச் செலவழித்தார்கள். இன்று சேகரிப்பாளர்கள் அந்தப் போலியையும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள்.

அதே 1861ல்தான் இந்தியாவில் காகித நாணயச் சட்டம் வந்தது. வங்காளம், பம்பாய், சென்னை மாகாண வங்கிகளிடமிருந்த நோட்டு வெளியிடும் உரிமையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு, 1862ல், சென்னையிலிருந்து வந்த ரயில் பாதை பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து பேப்பூர்க் கடற்கரையை எட்டியது. அமெரிக்கப் போரால் பருத்தி விலை தலைகால் தெரியாமல் ஏறியிருந்த நேரம். அந்தக் காலத்து வியாபாரிகள் பெரிய நோட்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியை முதல் தபாலில் அனுப்புவார்கள். வந்து சேர்ந்தது என்று பதில் வந்த பிறகுதான் மறு பாதி. திருட்டுக்கு அஞ்சிக் கண்டுபிடித்த உபாயம். இன்று அப்படி ஒட்டிய நோட்டு கிடைத்தால் கையை விடமாட்டார்கள். பாலக்காடு அப்போது சென்னை மாகாணம், கணக்கு ரூபாயில். இடுக்கி மலைகள் திருவிதாங்கூர், கணக்கு சக்கரத்தில். ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். இந்த எல்லைக்காரர்களுக்கு இரண்டு பணத்தைக் கையில் வைத்துக் கணக்குப் போடுவது புதிதல்ல.

இலங்கைப் போருக்கு வருவோம். 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தபோது மக்கள் கையில் 1979ல் வெளியான நோட்டுகளும் இருந்தன. ஓவியர் லக்கி சேனநாயக்க வரைந்தவை. பண்டாரநாயக்கவும் இல்லை, வேறு எந்தத் தலைவரும் இல்லை. வண்ணத்துப்பூச்சி, மீன், பறவை, பூ. உலகத்திலேயே அழகான நோட்டு வரிசைகளில் ஒன்று என்று சேகரிப்பவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்த ஜூலையில் கடை எரிந்தவர்களும் எரித்தவர்களும் அந்தப் பூப்போட்ட நோட்டை வைத்திருந்தார்கள்.

மூன்று மொழியும் அதில் இருந்தன. இதைக் கவனிக்க வேண்டும். 1956ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1987ல் 13ஆம் திருத்தம் வரும்வரை தமிழுக்கு அரசியல் சட்டத்தில் ஆட்சிமொழி அந்தஸ்து இல்லை. ஆனால் அந்த முப்பது ஆண்டும் நோட்டிலிருந்து தமிழ் போகவில்லை. அலுவலகத்தில் மனு வாங்காத மொழி நோட்டில் வாக்குறுதி கொடுத்துக்கொண்டிருந்தது. தமிழில் நாணயம் என்றால் காசு, நாணயம் என்றால் சொன்ன சொல் தவறாமை. இலங்கைத் தமிழில் நோட்டுக்கு நாணயத்தாள் என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர், எவ்வளவு பொருத்தமில்லாத இடம்!

1991ல் வந்த வரிசையில் நூறு ரூபாய் நோட்டை இடுக்கிக்காரர் யாரிடமாவது கொடுத்துப் பார்க்கலாம். பின்பக்கத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள். கீழே இரண்டு கிளிகள். படம் எந்த ஊர் என்று சொல்லாவிட்டால் தேவிகுளம் என்பார்கள். நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவருகிறவள் என்ற மரியாதையில் அவளை நோட்டில் போட்டார்கள். ஆனால் அந்த நோட்டு வெளியானபோது அவள் ஜனத்தில் கணிசமானவர்களுக்குக் குடியுரிமை இல்லை. அந்தக் கணக்கைச் சட்டப்படி முடித்தது 2003ல் வந்த குடியுரிமைச் சட்டம். பன்னிரண்டு ஆண்டுகள் நோட்டில் இடம் இருந்தது, வாக்காளர் பட்டியலில் இல்லை. போர்க்கால நோட்டுகளில் ஒன்றே ஒன்று வாங்கவேண்டும் என்றால் இதைத்தான் வாங்கவேண்டும். விலை மலிவு, ஏராளமாக அடித்தது. மலிவானதால்தான் ஆல்பக்காரர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

1996 ஜனவரி 31 அன்று, யாழ்ப்பாணத்தில் கொடி ஏறி இரண்டு மாதம் ஆகுமுன், கொழும்பு மத்திய வங்கிக் கட்டடத்தின் மீது புலிகள் வெடிமருந்து லாரியை மோதினார்கள். 91 பேர் செத்தார்கள், சுமார் 1,400 பேர் காயம். பலருக்குக் கண் போயிற்று. நோட்டு வெளியிடும் இடத்தையே குறிவைத்த தாக்குதல் என்பதால் அந்தச் சமயத்து நோட்டுகளுக்குச் சந்தையில் ஒரு கதை சேர்ந்துவிட்டது. நோட்டு நிற்கவில்லை. 1995 நவம்பர் தேதி போட்ட நோட்டுகள் 2001 டிசம்பர் தேதி வரும்வரை புழக்கத்தில் ஓடின. 1998ல் சுதந்திரப் பொன்விழாவுக்கு 200 ரூபாய் பிளாஸ்டிக் நோட்டு, இலங்கையின் முதலாவது பாலிமர் நோட்டு, வந்தது.

சேகரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: புலிகள் நோட்டு அடித்தார்களா? இல்லை. காவல்துறை இருந்தது, நீதிமன்றம் இருந்தது, 1994ல் தொடங்கிய தமிழீழ வைப்பகம் என்ற வங்கி இருந்தது. அந்த வங்கியில் போட்டதும் எடுத்ததும் இலங்கை ரூபாய்தான். ஜனாதிபதியின் ஆட்சியை ஏற்காதவர்கள் நிதியமைச்சரின் கையெழுத்தை ஏற்றுக்கொண்டார்கள். சம்பளம், அரிசி, மருந்து எல்லாம் தெற்கிலிருந்து வந்ததால் வேறு வழியும் இல்லை. தமிழீழ நோட்டு என்று எவராவது எதையாவது நீட்டினால், அது யாரோ கற்பனைக்கு அடித்த காகிதம். விலை கேட்காமல் நகர்ந்துவிடலாம்.

நோட்டு அடித்தவர்கள் கதி என்ன ஆயிற்று என்பதற்கு பயாஃப்ரா உதாரணம். நைஜீரியாவிலிருந்து பிரிந்த அந்தக் கிழக்குப் பகுதியை முடக்க நைஜீரியா 1968 ஜனவரியில் தன் நோட்டையே மாற்றியது. பிரிந்தவர்கள் கையிலிருந்த பழைய நோட்டெல்லாம் வீணாயிற்று. அதே மாதம் பயாஃப்ரா சொந்த நோட்டு வெளியிட்டது. 1970 ஜனவரியில் போர் முடிந்தது. வங்கியில் எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் சரி, ஒரு கணக்குக்கு இருபது பவுண்டு, அவ்வளவுதான் என்று நைஜீரிய அரசு தீர்த்துக் கட்டியது. குண்டைவிட இந்த இருபது பவுண்டு தங்களை அழித்தது என்று இக்போ மக்கள் இன்றும் பேசுகிறார்கள். ஸ்பெயினிலும் இதே வேலைதான். 1936 ஜூலை 18க்குப் பிறகு குடியரசு வெளியிட்ட நோட்டுகளை பிராங்கோ அரசு ஏற்கவில்லை. இரண்டு நோட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், வெளியான காலத்தை வைத்து ஒன்று பணம், ஒன்று குப்பை. பயாஃப்ராவின் ஒரு பவுண்டு நோட்டு, மொடமொடவென்று, இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இந்த மொடமொடப்பில்தான் ஒரு நெருடல் இருக்கிறது. நோட்டுச் சந்தையின் பரிபாஷையில் யு.என்.சி. என்றால் புழக்கத்துக்கே வராத நோட்டு. வங்கிக் கட்டிலிருந்து நேராக உறைக்குள் போனது. மடிப்பு ஒன்று விழுந்தால் விலை இறங்கும். இரண்டு விழுந்தால் பாதி. ஊசித் துளை, எண்ணெய்க் கறை, பேனாவால் எழுதிய தொகை என்றால் தொடமாட்டார்கள். ஆகவே போர்க்கால நோட்டு என்று அதிக விலை போவது போரைப் பார்க்காத நோட்டு. நாவற்குழிப் பாலத்தில் யாராவது இடுப்பில் செருகி நனைத்துக்கொண்டு போன நோட்டுக்கு மதிப்பில்லை, அதே தேதி போட்டு கொழும்புப் பெட்டகத்தில் தூங்கிய நோட்டுக்கு உண்டு. வியாபாரிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு கறை எந்தக் கறை என்று யாரால் நிரூபிக்க முடியும்? கதைக்கு விலை வைத்தால் ஒவ்வொரு கசங்கல் நோட்டுக்கும் ஒரு கதை முளைக்கும்.

வழி ஒன்றுதான். நோட்டு யாரிடமிருந்து, எப்போது, எந்த ஊரில் கிடைத்தது, கொடுத்தவர் அதைப் பற்றி என்ன சொன்னார் என்பதை ஒரு சீட்டில் எழுதி நோட்டோடு வைப்பது. பழைய ஏடு தேடியவர்கள் செய்த வேலைதான். உ.வே. சாமிநாதையர் சுவடி கிடைத்த வீட்டையும் ஊரையும் எழுதி வைத்ததால்தான் பல விஷயங்கள் இன்று தெரிகின்றன. நோட்டு மேலேயே எழுதக்கூடாது. இஸ்திரி போடக்கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது, கிழிந்த இடத்தில் ஸெல்லோடேப் ஒட்டினால் பத்து வருடத்தில் பழுப்பு ஏறும். மலிவான பி.வி.சி. உறை காகிதத்தைப் பிசுபிசுப்பாக்கும், பாலியெஸ்டர் உறை நல்லது. இடுக்கி மழைக்காலத்தில் ஆல்பத்தை மூடியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ராமபாணப் பூச்சிக்கு எந்த நாட்டு நோட்டு என்ற பேதமில்லை.

அதிக விலை கேட்கப்படும் நோட்டு, போர் முடிவுக்கானது. ஆயிரம் ரூபாய். தேதி 2009-05-20. முன்பக்கம் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச. பின்பக்கம் சிப்பாய்கள் கொடி நாட்டுகிறார்கள், கடைசிக் கட்டப் போர் தொடங்கிய மாவிலாறு அணையும் உண்டு. சமாதானமும் சுபிட்சமும் மலர்வதைக் குறிக்கும் நோட்டு என்று அந்த நவம்பரில் வெளியிட்டார்கள். பூவும் பறவையும் கோயிலும் போட்டுவந்த நாட்டில், முப்பது ஆண்டுக்குப் பிறகு நோட்டில் ஒரு தலைவர் முகம், அதுவும் பதவியில் இருப்பவர். இந்த ஒரு தடவை தேதிக்கும் போருக்கும் தற்செயல் இல்லை. அந்தத் தேதியில் முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவர்கள் முள்வேலிக்குள் இருந்தார்கள். வவுனியா முகாம்களில் ஏறத்தாழ 2,80,000 பேர். கடைசி மாதங்களில் செத்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று 2011ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது, இலங்கை அரசு மறுத்தது. நோட்டிலும் தமிழ் எழுத்து இருக்கிறது, வழக்கம்போல. தமிழர்கள் அதைச் சேகரிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சேகரிக்கத்தான் வேண்டும். ஜெயித்தவன் தன்னைப் பற்றி என்ன நினைத்தான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை. பெருமைப்பட்டு வாங்குகிறவனும் ஆத்திரத்தோடு வாங்குகிறவனும் ஒரே விலைதான் கொடுக்கிறார்கள்.

பணமாக அதன் கதை வேறு. 1983ல் ஒரு டாலருக்குச் சுமார் 25 இலங்கை ரூபாய். 2009ல் சுமார் 115. நாடு திவாலான 2022ல் 360. போர் தொடங்கியபோது ஆயிரம் ரூபாய் நோட்டு நாற்பது டாலர். வெற்றி நோட்டு அச்சானபோது ஒன்பது டாலருக்குக் கீழே. 2022ல் மூன்று டாலர்கூட இல்லை, அந்த ஜூலையில் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். ராஜபக்ச குடும்பத்தின் முகம் போட்ட ஒரே நோட்டு சேகரிப்பாளரிடம் அதன் முகமதிப்பைவிட அதிகம் பெறுகிறது என்பது அவர்களுக்கு ஆறுதலாக இருக்கலாம்.

கடைசியாகத் தகரப் பெட்டி பற்றி. பழைய நோட்டு தேடி வருகிறவர்கள் நோட்டோடு நிறுத்துவதில்லை. பழைய பாஸ்போர்ட், ஒப்பந்தத்தின்படி வந்தவர்களுக்கு மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, இவற்றுக்கும் உலகச் சந்தையில் ஆள் இருக்கிறது. முத்திரையும் கறுப்பு வெள்ளைப் படமும் உள்ள காகிதம் எதற்கும் ஆள் இருக்கிறது. பண்டாரநாயக்க நோட்டு என்ன விலை போனாலும் விற்றுக்கொள்ளலாம், அதன்மேல் இனி யாருக்கும் பாத்தியதை இல்லை. குடும்ப அட்டை அப்படியல்ல. எந்தத் தேதியில் யார் யார் வந்தார்கள், யாருக்கு யார் மகன் என்பதற்குப் பல குடும்பங்களிடம் வேறு ஆதாரம் கிடையாது. பேரப்பிள்ளைகள் பூர்வீகத்தைக் காட்டிச் சான்றிதழ் கேட்டு தாலுகா ஆபீசில் நிற்கும்போது மேஜைமேல் வைக்க அதுதான் இருக்கிறது. வண்டிப்பெரியாற்றில் ஜெராக்ஸ் கடைகள் உண்டு. கேட்கிறவருக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்தால் போதும், அட்டை பெட்டியிலேயே இருக்கட்டும்.